தட்டை விட்டெறிவது அவருடைய குணமா, மாத்திரையின் வேலையா?

கேள்வி: பல்லடம் பக்கம் எட்டு விசைத்தறி வைத்திருக்கிறோம். என் கணவருக்கு 47 வயது. இரண்டு மாதத்துக்கு முன் மூளையின் முன்பகுதியில் இருந்த கட்டியைக் கோவையில் அறுவைசிகிச்சை செய்து எடுத்தார்கள். புற்று இல்லை, மூளையின் உறையில் வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி என்று பயாப்சியில் வந்தது. அதட்டிக்கூடப் பேசாத மனிதர், ரசத்தில் உப்புக் குறைந்தால் தட்டை விட்டெறிகிறார். மற்ற நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வலிப்பு மாத்திரைதான் காரணம், அதை நிறுத்திவிட்டு ‘மூளை பலப் பொடி’ கொடு என்கிறார் பங்காளி ஒருவர். நான் என்ன செய்வது?

பதில்: பங்காளி சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியைக் காட்டித்தான் பொடியை விற்கிறார்கள். வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் லெவெடிராசெட்டம் சிலருக்குச் சிடுசிடுப்பையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். வீக்கம் குறையக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் இரண்டையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. முதலாவதை நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டாவதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ மருத்துவரால் முடியும். எந்த வேளை எந்த மாத்திரை, எத்தனை மணிக்குக் கோபம், இரவில் எவ்வளவு தூக்கம் என்று பத்து நாள் ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் நீட்டுங்கள். “கோபப்படுகிறார்” என்று வாயால் சொன்னால், “போகப்போகச் சரியாகும்” என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் தையலுக்கு நாலு வரி இருக்கும்; ஆளே மாறினதுபோல் இருப்பார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கோபத்தை அடக்குவதும், ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதும் மூளையின் முன்பகுதி பார்க்கும் வேலைகள். கத்தி பட்டது அங்கேதான். ஆகவே சுவரைப் பார்த்து உட்கார்வது சோம்பேறித்தனம் இல்லை. “எப்போது தறிக்குப் போவீர்கள்?” என்று கேட்காமல், “இந்த நூல் பில்லை மட்டும் கூட்டிக் கொடுங்கள்” என்று ஒரே ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். எட்டுத் தறியின் சத்தம் உங்களுக்குத் தாலாட்டு. அவருக்கு இப்போது சம்மட்டி அடி. படுக்கையைத் தறிக்கூடத்திலிருந்து தள்ளிப் போடுங்கள். ஹார்லிக்ஸோடு வந்து தலைத் தழும்பைத் தடவிப் பார்க்கும் சொந்தங்களை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி பொடிக்கு வருகிறேன். மருத்துவமனைக்கு எதிர் டீக்கடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஸ்கேன் கவரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, “எந்த ஊருங்க?” என்பார். அவர் தரும் டப்பாவில் உரிம எண் இருக்காது, என்ன சேர்ந்திருக்கிறது என்றும் இருக்காது. இப்படிப்பட்ட பொடிகளில் ஈயமும் பாதரசமும் இருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஈயமே வலிப்பை வரவழைக்கும். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. படித்த சித்த மருத்துவர், மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் எதையும் தரமாட்டார். வாங்கிவிட்டீர்களா? காசு போனால் போகட்டும், குப்பையில் கொட்டுங்கள்.

அவரை அவர் போக்கில் விடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒன்றில் மட்டும் விடாதீர்கள்: தண்ணீர். கிணற்றில் இறங்கிக் குளிப்பதும், பரம்பிக்குளம் வாய்க்காலில் முங்குவதும் கூடாது. துணைக்கு ஆள் இருந்தாலும் கூடாது. இதுவரை வலிப்பே வந்ததில்லை என்பீர்கள். முதல் வலிப்பு அறுவைக்குப் பிறகும் வரலாம். நீச்சல் தெரியும் என்பீர்கள். வலிப்பு வந்த கைக்கு நீச்சல் தெரியாது. வீட்டிலேயே வாளியில் மொண்டு குளிக்கட்டும், கதவைத் தாழிடாமல். மொபெட் சாவியும் மருத்துவர் சொல்லும்வரை உங்களிடமே இருக்கட்டும்.

வாழ்ந்து என்ன பயன் என்று அவர் பேசினாலோ, நீங்களே ஓய்ந்துபோனாலோ அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வாந்தியோடு தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல், அறுவை நடந்த மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.