ரூம் இலவசம்தான், சம்பளம் வேறு தம்பி

தம்பி, கோலாலம்பூர் செந்தூலில் நீங்கள் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தின் முதலாளி, வாடகை வசூல், தண்ணீர் மோட்டார், குடியிருப்பவர்களின் புகார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டால் ரூம் இலவசம், கையில் மாதம் 700 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார், நானே ஒத்துக்கொள்ளவா, இல்லை நீல ஐசி (மலேசியக் குடிமகனின் அடையாள அட்டை) வைத்திருக்கும் மச்சானுக்கு வாங்கிக் கொடுக்கவா என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் வேண்டாம். உங்கள் வேலை பாஸ் உங்கள் கம்பெனிக்கு மட்டும்தான். மாட்டினால் "சும்மா ஒத்தாசைக்கு வந்த பையன்" என்று முதலாளி ஒதுங்கிக்கொள்வார்.

மச்சான் பார்க்கட்டும், ஆனால் அந்தக் கணக்குக்கு இல்லை. நானும் 2015-இல் இதே வேலை பார்த்தவன்தான். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. எனக்குக் கையில் 600, "ரூமுக்கு 300 போட்டால் சரியாப்போச்சே" என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன், ஊரிலிருந்து வந்தவனுக்குக் கூரை கிடைத்ததே பெரிசு. லேபர் ஆபிஸில்தான் தெரிந்தது, சட்டப்படி வீட்டின் மதிப்பு சம்பளக் கணக்கிலேயே வராது. இப்போது முழு நேர வேலைக்கு 1,700 வெள்ளி, மணிக்கணக்கு என்றால் மணிக்கு 8.72. அதோடு இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) இரண்டும் முதலாளி கட்ட வேண்டும்.

இதில் நேரம்தான் பெரிய சிக்கல். கட்டடத்திலேயே படுத்துத் தூங்குகிற ஆளுக்கு வேலை எப்போது முடிகிறது, சொல்லுங்கள்? வாரம் 45 மணி நேரம் தாண்டினால் ஓவர்டைம் சம்பளம் ஒன்றரை மடங்கு, ஆனால் எழுதி வைக்காவிட்டால் யார் நம்புவார்? என் ரூமில் தமிழ் நாள்காட்டி தொங்கியது. தாளைக் கிழிக்காமல் அதிலேயே எழுதுவேன்: "இரவு 1.40, மோட்டார் நின்றது, மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் இல்லை, 3.15-க்குப் படுத்தேன்." எண்ணெய்க் கறை படிந்த அந்த நாள்காட்டியை லேபர் ஆபிஸ் அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார், பக்கத்தில் முதலாளி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பள பாக்கியில் பெரும்பகுதி வந்தது.

அப்புறம் ஒன்று, வேலை போன அன்றைக்கே என்னை ரூமையும் காலி பண்ணச் சொன்னார்கள். பெண்டாட்டி, கைக்குழந்தை, இரண்டு பெட்டி, அந்த ராத்திரி பிரிக்ஃபீல்ட்ஸில் சிநேகிதன் வீட்டு ஹாலில் படுத்தோம். அதனால் வேலை முடிந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சாவி வாங்குவதற்கு முன்பே மச்சானை எழுதி வாங்கச் சொல்லுங்கள்.