மாத்திரைக்கு முன்னால் தெர்மாமீட்டர்

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மனிதர்களுக்கு அக்கி வந்தால் அசைக்ளோவிர் தருகிறார்கள். குதிரைக்கும் ஹெர்பிஸ் வருகிறதே, அதே மாத்திரையைக் கொடுத்தால் என்ன?

பதில்: கொடுத்துப் பார்த்தாயிற்று, வேலைக்கு ஆகவில்லை. மருந்தின் மேல் பழி இல்லை. ஹெர்பிஸ் வைரஸின் நொதி ஒன்று தொட்ட பிறகே அசைக்ளோவிர் விழித்துக்கொள்ளும். அதனால் வைரஸ் புகாத செல்லை அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. 1988-இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியனின் குழுவில் பிறந்த மருந்து. ஆய்வகத் தட்டில் குதிரை வைரஸையும் அடக்குகிறது. வயிற்றில்தான் சிக்கல்: வாய்வழியாக 100 மில்லிகிராம் போனால் ரத்தத்துக்கு 3 மில்லிகிராம்கூடப் போய்ச் சேராது.

உடலுக்குள் போய் அசைக்ளோவிராக மாறும் வேலாசைக்ளோவிர் இதைவிட நன்றாகவே உறிஞ்சப்படுகிறது. ஆனால் அளவைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வைத்தால், 450 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கே பதின்மூன்றரை கிராம். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு கிராம் மாத்திரைகளாக நுணுக்கி, பாகில் குழைத்து, பெரிய சிரிஞ்சில் ஏற்றிக் கடைவாய் ஓரமாகச் செலுத்த வேண்டும். என் சட்டைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. (நீங்களாக முயல வேண்டாம். அளவை முடிவு செய்ய வேண்டியவர், குதிரையை நேரில் பார்க்கும் மருத்துவர்.)

கேள்வி: எங்கள் லாயத்தில் ஒரு குதிரைக்கு ஈ.எச்.வி-1 (குதிரை ஹெர்பிஸ் வைரஸ்-1) என்று சொல்லிவிட்டார்கள். மற்றவை நன்றாகத்தான் இருக்கின்றன. காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. இந்த வைரஸ் முதலில் காய்ச்சலும் மூக்கொழுகலுமாக வரும். அப்புறம் வெள்ளை அணுக்களில் ஏறிக்கொண்டு கருப்பைக்கும் தண்டுவடத்துக்கும் போகும். சினைக் குதிரை குட்டி வீசும். சிலவற்றுக்குப் பின்னங்கால் தள்ளாடி, சிறுநீர் பிரியாமல், படுத்தால் எழ முடியாமல் போய்விடும். 2021-இல் ஸ்பெயினின் வலென்சியாவில், தடை தாண்டும் போட்டிக்கு வந்த குதிரைகளிடையே இது பரவி 18 குதிரைகள் இறந்தன.

தள்ளாட்டம் தெரியும்போது தண்டுவடத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே கெட்டு, ரத்தம் உறைந்திருக்கும். அந்தச் சேதத்தை எந்த வைரஸ் மருந்தும் சரிசெய்யாது. மருந்துக்கு வாய்ப்பு காய்ச்சல் கட்டத்தில்தான். ஆகவே காலையும் மாலையும் ஒவ்வொரு குதிரைக்கும் தெர்மாமீட்டர் வையுங்கள், 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே பிரித்துக் கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள். கான்சைக்ளோவிர் வகை மருந்துகள் இந்த வைரஸுக்கு இன்னும் வலுவானவை, செலவும் அதிகம். அவற்றுக்கும் இதே நேரக் கணக்குதான்.

கேள்வி: கழுதைக்கும் இதே அளவா?

பதில்: பெரும்பாலும் குதிரையின் கணக்கைக் கடன் வாங்கித்தான் தருகிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு. கழுதை, சின்னக் குதிரை அல்ல. பல மருந்துகளை அது குதிரையைவிட வேகமாக உடலிலிருந்து வெளியேற்றிவிடும். புது மருந்தைச் சோதிக்கும்போதே கழுதைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழுதையின் இயல்பு வெப்பமும் 37-ஐ ஒட்டித்தான், எனவே 38.5 வரட்டும் என்று இருந்தால் காய்ச்சலையே கோட்டை விடுவீர்கள். வலியை வெளியே காட்டாத பிராணி வேறு. தீனியைத் தொடவில்லை என்றால் மறுநாள்வரை பொறுக்காதீர்கள். பட்டினியில் கொழுப்பு ரத்தத்தில் பெருகி, வைரஸை முந்திக்கொண்டு அதுவே கொன்றுவிடும்.

கேள்வி: குதிரைகளின் தொற்று ரத்தசோகை எச்.ஐ.வி-க்கு உறவு என்று படித்தேன். அந்த மருந்துகளையே தரலாமே?

பதில்: உறவு உண்மைதான். ஆனால் எச்.ஐ.வி. மருந்து வைரஸை ஒழிப்பதில்லை, அடக்கியே வைக்கிறது. அத்தனை எடையுள்ள பிராணிக்கு ஆயுள் முழுக்க ஒருநாள் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வேளை தவறினாலும், வைரஸை அடுத்த குதிரைக்குக் கொண்டுபோகக் கடிக்கிற ஈ காத்திருக்கும். அதனால்தான் காகின்ஸ் ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் பல நாடுகளில் கருணைக்கொலை, இல்லையேல் ஆயுள் தனிமை. அமெரிக்காவில் மற்ற குதிரைகளிடமிருந்து குறைந்தது 200 கஜம் தள்ளி வைக்கிறார்கள்.