விவாகரத்தில் வீட்டுக்கு விலை போடுவது: கேட்டதும் சொன்னதும்

வீடுகளுக்கு மதிப்புப் போடுவதுதான் என் பிழைப்பு. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். வீட்டைப் பற்றி என்னிடம் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் முகவரியைப் போட்டாலே விலை வருகிறதே, அது போதாதா?

பதில்: பேச்சைத் தொடங்கப் போதும். ஆனால் அது உங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை, குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியிருப்பது அதற்குத் தெரியாது. புரோக்கர் சொல்லும் விலையையும் அப்படியே நம்ப வேண்டாம், விற்கும் வேலை தனக்கு வரட்டும் என்று கொஞ்சம் கூட்டிச் சொல்பவர்களும் உண்டு.

கேள்வி: கணவர் தன் பக்கத்துக்கு ஒரு மதிப்பீட்டாளரை வைத்துவிட்டார். நானும் தனியாக ஒருவரை வைக்கட்டுமா?

பதில்: முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஒருவரையே வையுங்கள். கட்டணம் பாதிப் பாதி, அறிக்கை இருவருக்கும் ஒரே நேரத்தில். வீட்டை வைத்துக்கொள்கிறவருக்கு விலை குறைய வேண்டும், விட்டுப் போகிறவருக்கு ஏற வேண்டும், நான் உள்ளே நுழைந்ததுமே இது தெரிந்துவிடும்: ஒருவர் என்னை நேராகக் கூரை விரிசலுக்குக் கூட்டிப் போவார், இன்னொருவர் புதுச் சமையலறை அலமாரியைத் திறந்து திறந்து காட்டுவார். ஏற்கெனவே இரண்டு அறிக்கை வந்து, தொகையில் பெரிய இடைவெளி இருந்தால், கூட்டி இரண்டால் வகுத்துவிடாதீர்கள். பரப்பளவு, விலைக்கு ஒப்பிட்ட அக்கம்பக்கத்து வீடுகள், தேதி, இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தடவை அப்படிப் பார்த்தபோது, ஷீட் போட்ட மொட்டை மாடியை ஒருவர் அறையாகவே கணக்கில் சேர்த்திருந்தார், சண்டை மொத்தமும் அதனால்தான்.

கேள்வி: எந்தத் தேதி விலை? பிரிந்து மூன்று வருடம் ஆகிறது.

பதில்: பிரிந்த நாளா, வழக்குப் போட்ட நாளா, இன்றா என்பதை வக்கீலிடம் முதலில் கேட்டுக்கொண்டு வாருங்கள். பழைய தேதிக்கும் போடலாம், அந்தச் சமயத்தில் அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளை வைத்துத்தான் போடுவோம். தேதியைச் சொல்லாமல் வாங்கிய அறிக்கைக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டி வரும்.

கேள்வி: வீட்டு மதிப்பு 100 என்றால் என் பங்கு 50தானே?

பதில்: கடனை மறந்துவிட்டீர்கள். பாக்கி 40 இருந்தால் மிச்சம் 60, பாதிப் பாதி என்று முடிவானால் உங்களுக்கு 30. அப்புறம், பத்திரத்திலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டால் கடனிலிருந்தும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை தவணைக்கு நீங்களும் பொறுப்பு.

கேள்வி: மதிப்பீட்டாளர் வருவதற்குள் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். கூரை, ஒயரிங் மாற்றிய பில் இருந்தால் எடுத்து வையுங்கள்.

கேள்வி: மனைவி உள்ளேயே விடமாட்டேன் என்கிறார்.

பதில்: வெளியிலிருந்து பார்த்தும் ஒரு மதிப்புப் போடலாம், உள்ளே பார்க்கவில்லை, இன்னின்னதை அனுமானித்தோம் என்று அறிக்கையிலேயே எழுதிவிடுவோம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது அந்த வரியில்தான். அதனால் உங்கள் வக்கீல் மூலம் அனுமதிக்கு முயற்சி செய்யுங்கள், வாசலில் நின்று நீங்களே வாக்குவாதம் செய்ய வேண்டாம்.