பனிச்சறுக்குக்கு ஒரு நாள்: சில கேள்விகள்

கேள்வி: பெரிய ரிசார்ட், வரைபடம் முழுக்கக் கோடுகள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்ற முடியுமா?

முடியாது, அந்த ஆசையை விடுங்கள். பிரான்சின் த்ருவா வாலே போல பல பள்ளத்தாக்குகளை இணைத்த இடங்களில் பாதைகளின் மொத்த நீளம் 600 கிலோமீட்டர் வரை போகும். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே சுற்றுங்கள். வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் திரும்பி வர வேண்டிய லிஃப்ட் (மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவட இருக்கை) எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைத்தான். குளிர்காலத்தில் பெரும்பாலும் மாலை நாலு மணி வாக்கில் எல்லாம் மூடிவிடும், அதைத் தவறவிட்டால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டு மலையையே சுற்றி டாக்சியில் வர வேண்டியிருக்கும், பணம் பறக்கும். ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள், ஏனென்றால் கடைசி நேரத்தில் எல்லோரும் அந்த வரிசையில்தான் நிற்பார்கள்.

கேள்வி: வாடகை பூட்ஸ் காலை நசுக்குகிறதே, ஒரு சைஸ் பெரிதாக வாங்கட்டுமா?

வேண்டாம். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கம் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் சற்றுப் பின்வாங்க வேண்டும், அதுதான் சரியான அளவு. வலியே எடுத்தால் கூச்சப்படாமல் வேறு ஜோடி கேளுங்கள். இரண்டு சாக்ஸ் போடாதீர்கள், ஒன்று போதும். அப்புறம் கடையில் எடை, உயரம், வயது, திறமை கேட்பார்கள். விழும்போது பைண்டிங் (பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் கொக்கி) எப்போது கழன்றுகொள்ள வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் அமைக்கிறார்கள், அங்கே பெருமைக்குப் பொய் சொன்னால் முழங்கால்தான் பதில் சொல்லும்.

கேள்வி: நீலப் பாதை என்றால் சுலபமா?

நிறம் பாதை எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும், ஆனால் அது எந்த நாடு என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில் நீலம் சுலபம், அதற்கு மேல் சிவப்பு, கறுப்பு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம்தான் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம். அதுவும் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுக் கொடுத்த நிறம்தான், ஆகவே முதல் இறக்கத்தை உங்கள் அளவுக்கு ஒருபடி கீழேயே தொடங்குங்கள். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் வருகிற நீங்கள்தான் விலக வேண்டும்.

கேள்வி: அடிவாரத்தில் குளிரே இல்லை, கனமான ஜாக்கெட் தேவையா?

தேவை. 1000 மீட்டர் ஏறினால் பொதுவாக 6 டிகிரி வரை குறையும், லிஃப்டில் அசையாமல் உட்கார்ந்து காற்றை வாங்கும்போது இன்னும் குறைந்ததாகத் தெரியும். உள்ளே பருத்தித் துணி போடாதீர்கள், வியர்வையில் நனைந்தால் காயாது. மேகமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள், புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

கேள்வி: மேலே மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை என்றால்?

கீழே இறங்கி மரங்களுக்கு இடையே வெட்டிய பாதைகளுக்குப் போங்கள். வெறும் வெள்ளையில் மேடு பள்ளம் தெரியாது, மரங்கள் பக்கத்தில் இருந்தால் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும்.