எக்ஸ்எம்எல் வந்தது, படங்கள் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்: வலைப்பூக் காப்பு

கேள்வி: 2008 முதல் பிளாகரில் எழுதி வருகிறேன். 640 பதிவுகள் இருக்கும். பேக்கப் எடுத்ததில் 21 எம்பி அளவில் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்புதான் வந்தது. திறந்தால் குறியீடுகளுக்கு நடுவே தமிழ் தெரிகிறது. படம் ஒன்றுகூட இல்லை. பாதியில் நின்றுவிட்டதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்

அளவைப் பார்த்தால் எழுத்து முழுவதும் வந்திருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். 'கொ' என்றால் ககரத்துக்கு 3, ஒகரக் குறிக்கு 3, ஆக 6. அந்தக் கணக்கில் 600 சொல் பதிவு ஒன்று சுமார் 15 கேபி. 640 பதிவுக்குச் சுமார் 10 எம்பி. மிச்சம் பின்னூட்டங்கள், எச்டிஎம்எல் குறிகள். எம்எஸ் வேர்டில் தட்டச்சு செய்து அப்படியே ஒட்டும் பழக்கம் உண்டென்றால் வேர்ட் திணிக்கும் வேண்டாத குறிகளே எழுத்தைவிட அதிக இடம் பிடித்திருக்கும்.

படங்கள் அந்தக் கோப்பில் ஒருபோதும் இருக்காது. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். கூகுள் கணக்கு போனால் படமும் போகும், உங்களிடம் மிஞ்சுவது முகவரிதான். ஆகவே கூகுளில் உள்ள உங்கள் தரவுகளை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போய், முதலில் எல்லாத் தேர்வுகளையும் நீக்கிவிட்டு, பிளாகரை மட்டும் டிக் செய்யுங்கள். ஜிப் கோப்பு தயாரானதும் மின்னஞ்சல் வரும். அந்த இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். வந்த அன்றே இறக்கிவிடுங்கள். உள்ளே பதிவுகள் 'ஃபீட்' என்ற கோப்பிலும், பிளாகரில் நேரடியாக ஏற்றிய படங்கள் ஆல்பம் ஃபோல்டரிலும் இருக்கும்.

வேறு தளங்களில் வைத்து இணைப்பு மட்டும் கொடுத்த படங்கள் இதில் வராது. போட்டோபக்கெட் 2017ல் இலவசமாக வெளித்தளங்களுக்குப் படம் காட்டுவதை நிறுத்தியபோது பல பழைய பதிவுகளில் படம் இருந்த இடத்தில் வெறும் அறிவிப்புதான் மிஞ்சியது. அப்படிப்பட்ட படங்கள் இன்னும் தெரிகின்றன என்றால், இப்போதே ஒவ்வொன்றாகச் சேமியுங்கள். பிளாகர் படத்தைக் கையால் சேமிக்கும்போது முகவரியில் 'எஸ்320' என்பது போன்ற துண்டு இருந்தால் கவனிக்க வேண்டும்: அது சுருக்கிய படம். அந்த இடத்தில் 'எஸ்0' என்று மாற்றி என்டர் தட்டினால் ஏற்றிய அளவிலேயே கிடைக்கும்.

கோப்பைச் சரிபார்க்க நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் போதும். அதில் திறந்து ஏதாவது ஒரு பதிவின் தலைப்பைத் தேடுங்கள். அருகிலேயே அது பதிவா, பக்கமா, பின்னூட்டமா என்று சொல்லும் குறி இருக்கும். பதிவுக்கு உரிய அந்தக் குறியை அப்படியே நகலெடுத்து, தேடும் பெட்டியில் ஒட்டி, 'கவுண்ட்' பொத்தானை அழுத்துங்கள். வரும் எண்ணில் வரைவுகளும் அடங்கும். டாஷ்போர்டில் காணும் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. அதே கணக்கில் புதிதாக ஒரு வலைப்பூ தொடங்கி, தேடுபொறிக்குக் காட்டாதபடி அமைத்து, செட்டிங்ஸில் உள்ள இம்போர்ட் வழியாகக் கோப்பை ஏற்றுங்கள். 'தானாக வெளியிடு' என்பதை அணைத்துவிட்டால் எல்லாம் வரைவாக வந்து நிற்கும். அங்கே படங்கள் தெரிவதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். பழைய இடத்திலிருந்துதான் வருகின்றன.

கேள்வி: மறைந்த என் அப்பாவின் வலைப்பூ இன்னும் இணையத்தில் இருக்கிறது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. தளத்தை அப்படியே இறக்கித் தரும் எச்டிடிராக் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். முகப்புப் பக்கமும் சில பதிவுகளும் இறங்கியதோடு நின்றுவிடுகிறது.
– வாசகி, மயிலாடுதுறை

தள்ளிப்போடாமல் இதை முடித்துவிடுங்கள் அம்மா. 2 ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத கூகுள் கணக்கை அழிக்கும் உரிமையை கூகுள் வைத்திருக்கிறது. டிசம்பர் 2023 முதல் இது நடைமுறையில் உள்ளது.

நின்றுபோவதற்குக் காரணம் உண்டு. பிளாகரில் 'பழைய இடுகைகள்' இணைப்பும் லேபிள் பக்கங்களும் 'சர்ச்' என்ற பாதையில் அமைந்தவை. தேடுபொறிகள் அந்தப் பாதையில் போகக் கூடாது என்று ரோபாட்ஸ் கோப்பில் பிளாகரே எழுதி வைத்திருக்கிறது. எச்டிடிராக் அதற்குக் கட்டுப்படுகிறது. 'செட் ஆப்ஷன்ஸ்' திறந்து 'ஸ்பைடர்' தாவலில் ரோபாட்ஸ் விதிகளைப் பின்பற்ற வேண்டாம் என்று மாற்றுங்கள்.

மாற்றியதும் வேறு தொல்லை வரும். ஒரே பதிவு மொபைல் வடிவம், பின்னூட்ட இணைப்பு, பகிர்வு இணைப்பு என்று நாலைந்து தடவை இறங்கும். 'ஸ்கேன் ரூல்ஸ்' தாவலில், முகவரியில் 'எம்=1', 'ஷோகாமென்ட்', 'ஷேர்-போஸ்ட்' ஆகியவை வருவனவற்றைக் கழித்தல் குறியிட்டு விலக்குங்கள். படங்கள் இருக்கும் கூகுள்யூசர்கன்டென்ட், பிபி.பிளாக்ஸ்பாட் தளங்களைக் கூட்டல் குறியிட்டுச் சேருங்கள். ஜேபிஜி என்ற வால் இருந்தால் எச்டிடிராக் தானாகவே எடுத்துக்கொள்ளும். வால் இல்லாத படங்கள் பல உண்டு, அவற்றுக்காகத்தான் இந்த விதி.

இறங்கிய கோப்புகள் 'பிளாக்-போஸ்ட்', 'பிளாக்-போஸ்ட்_12' என்ற பெயர்களில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முகவரி உண்டாக்கும்போது பிளாகர் தமிழ் எழுத்துகளைத் தள்ளிவிடும். முழுக்கத் தமிழில் உள்ள தலைப்புக்கு மிஞ்சுவது இந்தப் பொதுப்பெயர்தான். பெயரை நீங்கள் மாற்றினால் உள்ளிணைப்புகள் அறுந்துவிடும். தலைப்பும் கோப்புப் பெயரும் கொண்ட பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னொரு நாள் 'அப்டேட்' கொடுக்கும் எண்ணம் இருந்தால் முன்னதாக 'பில்ட்' தாவலில் 'பழைய கோப்புகளை நீக்காதே' என்பதை டிக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் தளத்தில் காணாமல் போனவற்றை உங்கள் வட்டிலிருந்தும் அது துடைத்துவிடும். பக்கங்கள் வெறுமையாக இறங்கினால் அந்த வலைப்பூ 'டைனமிக் வியூஸ்' வார்ப்புருவில் இருக்கக்கூடும். அதில் பதிவுகளை ஜாவாஸ்கிரிப்ட்தான் கொண்டுவந்து நிரப்புகிறது, எச்டிடிராக்கால் முடியாது. அப்போது பதிவுகளை வரிசையாகத் தரும் வலைப்பூவின் ஃபீட் முகவரிதான் வழி. அது ஒரு தடவைக்கு இயல்பாக 25 பதிவுகளே தரும் என்பதால் அடுத்தடுத்த தொகுதிகளையும் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: வேர்ட்பிரஸ்.காம் தளத்திலிருந்து சொந்த சர்வருக்கு மாறினேன். எழுத்தெல்லாம் வந்தது, படம் வரவில்லை. சில பதிவுகளின் முகவரியும் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

இறக்குமதி செய்யும்போது 'இணைப்புக் கோப்புகளையும் இறக்கு' என்ற பெட்டியை டிக் செய்தீர்களா? செய்திருந்தாலும், புதிய தளம் படங்களைப் பழைய தளத்துக்குப் போய்த்தான் எடுக்கும். அது பிரைவேட்டாக இருந்தாலோ மூடப்பட்டிருந்தாலோ ஒன்றும் கிடைக்காது. பழைய தளத்தைத் திறந்துவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். ஏற்கெனவே வந்த பதிவுகளை அது தாண்டிப் போகும், இரட்டிக்காது. அதற்கு முன் 'டூல்ஸ் – எக்ஸ்போர்ட்' பக்கத்தில் மீடியா லைப்ரரியைத் தனியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு பெரிது என்று சர்வர் மறுத்தால் (வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி மொழியின் இயல்பான வரம்பு 2 எம்பிதான்) தேதி வாரியாகப் பிரித்து ஏற்றுமதி செய்யலாம்.

முகவரி வெட்டுப்படுவது தமிழுக்கே உரிய தலைவலி. தமிழ்க் குறி ஒன்று முகவரியில் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் அந்த இடத்துக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. 22 குறி ஆனதும் நிறைந்துவிடும். தலைப்பு நீளமானால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே எழுதுங்கள். விண்டோஸில் கோப்புப் பாதைக்கு இயல்பான வரம்பு 260 எழுத்து என்பதால், இப்படி விரிந்த பெயர்களைச் சில மென்பொருள்கள் சேமிக்க முடியாமல் பிழை காட்டும். டி டிரைவின் முதல் மட்டத்தில் ஓரெழுத்துப் பெயரில் ஃபோல்டர் வைத்து அதில் இறக்கினால் ஓரளவு தப்பலாம்.

கேள்வி: பழைய கணினியில் இருந்த பிளாகர் பேக்கப் மென்பொருள், சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் தவறு என்கிறது.
– வாசகர், சேலம்

கடவுச்சொல்லை நேரடியாக வாங்கி உள்நுழையும் பழைய முறையை கூகுள் 2015ல் மூடிவிட்டது. அந்த மென்பொருள் இனி வேலைக்காகாது, தூக்கிப் போடுங்கள். ஆனால் அந்தக் கணினியை உடனே பார்மட் செய்துவிடாதீர்கள். விண்டோஸ் லைவ் ரைட்டரிலோ ஓப்பன் லைவ் ரைட்டரிலோ எழுதிய பழக்கம் இருந்தால், டாக்குமென்ட்ஸுக்குள் 'மை வெப்லாக் போஸ்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் வரைவுகளும் வெளியிட்ட பதிவுகளின் நகல்களும் கிடக்கும்.

கேள்வி: பதிவுகளை பிடிஎஃப் ஆக்கி வைத்தால் போதாதா?
– வாசகி, கோவை

அச்சிட்டுப் படிக்கப் போதும், காப்புக்குப் போதாது. பிடிஎஃப் எழுத்தின் உருவத்தை வரிசைப்படுத்துகிறது. அதிலிருந்து நகலெடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறி வருவது சாதாரணம். தேடினாலும் பல நேரம் சொல் அகப்படாது. மூலப்பிரதியாக எக்ஸ்எம்எல்லும் படங்களும் இருக்கட்டும். வாசிக்க இபப் என்ற மின்னூல் செய்துகொள்ளலாம்: பதிவுகளை எச்டிஎம்எல் ஆக ஜிப் செய்து கேலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் சேர்த்து, மாற்றும்போது 'லுக் அண்ட் ஃபீல்' பகுதியில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை உட்பொதியுங்கள். உட்பொதிக்காவிட்டால் தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.