ஜாம்பி படமும் பெண்ணின் அப்பாவும்

அன்புள்ள ஐயா,

நான் உதவி இயக்குநராகப் பணியாற்றுகிறேன். ஜாம்பி படம் ஒன்றுக்குக் கதை எழுதியிருக்கிறேன். திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு, கடிபட்டவர்களை நடைப்பிணமாக மாற்றும் தொற்று ஊருக்குள் பரவுகிறது. முந்நூறு பேர் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை சண்டையிட்டு எல்லோரையும் மீட்கிறான். கதை கேட்ட தயாரிப்பாளர், "சம்பவம் நிறைய இருக்கு, ஆள் யாரும் இல்லையே" என்றார். அதன்பின் மாப்பிள்ளைக்கு இறந்துபோன தம்பி, மணப்பெண்ணுக்குப் பழைய காதல் என்று முன்கதைகள் சேர்த்தேன். கதை நீண்டதே தவிர மாறவில்லை. என்ன செய்வது?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் தயாரிப்பாளர் சொன்னது சரி. அதற்கு நீங்கள் கண்ட தீர்வுதான் சரியில்லை. இறந்துபோன தம்பியால் மாப்பிள்ளை எடுக்கும் முடிவு ஒன்றுகூட மாறவில்லை என்றால், அந்தத் தம்பி கதையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தொற்று எல்லோருக்கும் பொதுவானது. அது வாசலுக்கு வரும்போது ஒருவர் எதைக் காப்பாற்ற நினைத்து எதை மறைக்கிறார் என்பது மட்டுமே அவருக்கு உரியது.

2016இல் வெளிவந்த கொரியப் படமான 'டிரெயின் டு பூசா'னில், நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் தந்தை மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வீடியோ கேம் கருவி வாங்கி வருகிறார். அதே கருவியை அவரே குழந்தைகள் தினத்துக்கு வாங்கிக் கொடுத்து, அது வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவிடம் போகவேண்டும் என்ற மகளின் பிடிவாதத்துக்கு அவர் இணங்கி, மறுநாள் காலை ரயில் ஏறுவதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம். ரயிலுக்குள் முதல் கடி விழும் முன்பே அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று நமக்குத் தெரிந்துவிடுவதால், பின்னால் அவர் யாருக்குக் கதவைத் திறக்கிறார், யாருக்கு மூடுகிறார் என்பதெல்லாம் வெறும் சம்பவமாக நின்றுவிடுவதில்லை.

உங்கள் கதையில் அப்படிப்பட்ட ஆள் மாப்பிள்ளை அல்ல, பெண்ணின் அப்பா. கடன் வாங்கி இந்தக் கல்யாணத்தை நடத்துகிறார் என்று வையுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் கையில் பல் பதிந்த காயம் இருக்கிறது. "தெருநாய்தானுங்க சம்பந்தி, ஒண்ணுமில்லீங்க" என்கிறார். பேருந்து நிலையத்தில் என்ன நடக்கிறது என்று பெண்ணின் அப்பாவுக்குச் சற்றுமுன்புதான் கைபேசியில் செய்தி வந்திருக்கிறது. ஆனாலும், மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து, காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டி, அவரை மாடி அறையில் படுக்கவைத்து, வெளியே பூட்டிவிட்டுக் கீழே வந்து, பந்தியில் இலை இலையாக நின்று "இன்னொரு இட்லி வைங்க" என்று உபசரிக்கிறார். இப்போது தொற்று மண்டபத்துக்குள் வந்தது விதியால் அல்ல, ஒருவர் எடுத்த முடிவால்.

நீங்கள் சேர்த்த பழைய காதலுக்கும் இங்கே வேலை வந்துவிடுகிறது. முகூர்த்தம் எப்படியாவது நின்றுவிடாதா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருக்கும் பெண்ணின் கையில் அந்த அறைச் சாவி கிடைத்தால் அவள் என்ன செய்வாள்? எனக்கு இந்தக் கேள்வி மாப்பிள்ளையின் அத்தனை சண்டைகளையும்விடப் பெரிதாகப் படுகிறது.

அடுத்து, கடித்தபின் ஒருவர் மாற எவ்வளவு நேரமாகும் என்பதைப் பெரும்பாலும் நோயின் விதியாகவே எழுதுகிறார்கள். உண்மையில் அது திரைக்கதையின் விதி. '28 டேஸ் லேட்ட'ரில் (2002) சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடுவதால், கண்ணில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்த தந்தைக்கு மகளிடம் அன்பைச் சொல்லி, அவளை விலகிப் போகச் சொல்ல மட்டுமே நேரமிருக்கிறது. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படமான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டிலோ, கடிபட்ட சிறுமி நிலவறையில் நெடுநேரம் கிடக்கிறாள். அவளுக்கு என்ன நேரப்போகிறது என்று அவள் பெற்றோருக்குத் தெரியவில்லை. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாம் வகை. மாலையில் வந்தவர் பின்னிரவில் மாறட்டும். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் அதைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். திரையரங்கில் இருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். இரண்டு மணிக்கு, சமையல்காரர்கள் மட்டும் விழித்திருந்து காய் நறுக்கும்போது நடக்கட்டும்.

சண்டைக் காட்சிகளை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். "எங்க மாமா எங்கே?" என்று மாப்பிள்ளை கேட்கும்போதெல்லாம் பெண்ணின் அப்பா என்ன பதில் சொல்கிறார் என்பதை, இரவு பத்து முதல் இரண்டு வரை, வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பொய்க்கும் இன்னொருவர் துணை தேவைப்படும். மனைவி, மண்டப மேலாளர், காவலாளி என்று உங்கள் துணைப் பாத்திரங்கள் அந்த வரிசையிலிருந்தே கிடைப்பார்கள்.