ஒரே பாட்டா? எட்டுத் தொகுப்பா?

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்கப் பாடகி ட்ரேசி சப்மனை அவ்வளவு புகழ்ந்திருந்தீர்கள். இருபது வருடத்தில் எட்டு இசைத்தொகுப்பு. 2008க்குப் பிறகு புதிதாக ஒரு தொகுப்பும் இல்லை. உலகத்துக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, அதுவும் முதலிடத்துக்கு வரவில்லை. எங்கட பெடியள் மாதம் இரண்டு பாட்டு யூடியூபில் விடுகிறார்கள், இலட்சக்கணக்கில் பார்க்கப்படுகிறது. அவர்களை விட்டுவிட்டு இவரை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?
(ஒரு வாசகர், சாவகச்சேரி)

பதில்: முதலில் கணக்கைத் திருத்திக்கொள்வோம். நீங்கள் சொல்லும் அந்தப் பாட்டு, 'ஃபாஸ்ட் கார்', 1988இல் அமெரிக்காவின் வாராந்தப் பாடல் தரவரிசையான பில்போர்ட் பட்டியலில் 6ஆம் இடம், பிரித்தானியாவில் 5ஆம் இடம். முதலிடம் இல்லைத்தான். ஆனால் அந்தப் பாட்டு இருந்த முதல் தொகுப்பு அதே வருடம் இரண்டு நாட்டிலும் முதலிடத்தைப் பிடித்தது. அடுத்த வருடம் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி மூன்று வந்தன. ஒரே பாட்டு என்பதும் பிழை. 'கிவ் மீ வன் ரீசன்' 1996இல் 3ஆம் இடம் வரை ஏறியது. பட்டியலை மட்டும் நம்புகிறவருக்கு அவருடைய பெரிய வெற்றி அதுதான். அது உங்கள் கண்ணில் படவே இல்லை.

அந்த இரண்டாவது பாட்டின் கதையைக் கேளுங்கள். 1989 கடைசியிலேயே 'சற்றர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைப் பாடிவிட்டார். தொகுப்பில் வந்தது 1995இல். நடுவில் 1992இல் வந்த மூன்றாவது தொகுப்பு அமெரிக்காவில் 53ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. கையில் நல்ல பாட்டு ஒன்று இருந்தும் அவர் அவசரப்படவில்லை. பிறகு அது வந்த 'நியூ பிகினிங்' தொகுப்பு 4ஆம் இடம் வரை போனது. மாதம் இரண்டு பாட்டு என்ற ஓட்டத்தில் ஒரு பாட்டு இப்படி ஊற இடம் கிடைக்குமா? இந்த ஓட்டத்தைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை.

1988 யூன் 11ஆம் திகதி. லண்டன் வெம்பிளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாள் நிகழ்ச்சி, மண்டேலா அப்போதும் சிறையில். அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு ஒளிபரப்பு. சப்மன் பகலிலேயே பாடி முடித்துவிட்டார். மாலையில் ஸ்டீவி வொண்டர் மேடை ஏற வேண்டிய நேரத்தில், அவருடைய இசைக்கருவிக்கான தரவுத்தட்டைக் காணவில்லை. அது இல்லாமல் வாசிக்க முடியாது என்று அவர் திரும்பிவிட, இடைவெளியை நிரப்ப சப்மனை மறுபடி அனுப்பினார்கள். வாத்தியக் குழுவோ ஆட்டக்காரரோ இல்லை. 24 வயதுப் பெண், ஒரு கிற்றார், ஒரு மைக். 'ஃபாஸ்ட் கார்' பாடினார். அதற்குப் பிறகுதான் அந்த முதல் தொகுப்பு பட்டியலில் மேலே ஏறியது. அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்லலாம். அந்த நிமிடத்தில் கையில் அந்தப் பாட்டு இருந்ததே, அது அதிர்ஷ்டமில்லை.

பாட்டில் என்ன இருக்கிறது? அப்பா குடிகாரர். அம்மா விட்டுப் போய்விட்டார். அப்பாவைப் பார்க்க ஆளில்லாமல் மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறாள். சின்னக் கடையொன்றில் வேலை, கொஞ்சம் சேமிப்பு, காதலனின் வேகமான கார், ஊரைவிட்டுப் போகும் ஆசை. போகிறார்கள். போன இடத்தில் காதலனும் குடிக்கத் தொடங்குகிறான், அவள் உழைத்துக் கொட்டுகிறாள். இது அமெரிக்கக் கதை மட்டும்தானா? வடமராட்சியிலோ தென்மராட்சியிலோ ஒரு ஒழுங்கைக்குள் இறங்கிக் கேட்டுப்பாருங்கள். எங்கள் வெளிநாட்டுக் கனவும் குடியால் கெட்ட குடும்பமும் இத்தனை நேர்மையாக எங்கள் புதிய பாட்டுகளில் எத்தனைமுறை வந்திருக்கின்றன? பெடியளிடம் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. அதை இரவல் மெட்டிலும் காசுக்கு வாங்கிய பீட்டிலும் (ஆயத்தத் தாள இசையிலும்) செலவழிக்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

பட்டியல் எதை எண்ணுகிறது என்பதையும் யோசியுங்கள். அன்றைக்குத் தட்டு விற்பனையும் வானொலி ஒலிபரப்பும், இன்றைக்கு இணையத்தில் கேட்பதும் சேர்த்து, ஒரு வாரக் கணக்கு. 1990இல் மின்சாரம் நின்ற பிறகு யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிக் கசெட் கேட்டோம். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் பாடுகிறவரின் குரலும் இழுபடும். உடனே அடுத்தவர் வந்து பெடலைப் பிடிப்பார். ஒரு கசெட் எத்தனை வீடு ஏறி இறங்கியது என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

வாரக் கணக்குக்குப் பிடிபடாதது வருடக் கணக்கில் தெரியவரும். 2023இல் லூக் கோம்ஸ் என்ற கண்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற வகை இசை) பாடகர் 'ஃபாஸ்ட் கார்' பாட்டை அப்படியே பாடி வெளியிட்டார். பாட்டில் வரும் கடை வேலைக்காரப் பெண்ணைக்கூட ஆணாக மாற்றவில்லை. அது பில்போர்ட் பட்டியலில் 2ஆம் இடம். 1988இல் சப்மனுக்குக் கிடைத்ததைவிட மேலே. கண்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம். அந்த நவம்பரில் கண்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாட்டு விருது, எழுதியவர் என்ற முறையில் சப்மனுக்கே போனது. கறுப்பினப் பெண் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. 2024 பெப்ரவரி கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாட, 36 வருடப் பழைய அசல் பதிவு இணையத்தில் பாட்டு விற்கும் ஐடியூன்ஸில் முதலிடத்துக்கு வந்தது. புதிதாக ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொன்ன காலத்தில்தான் இதெல்லாம் நடந்தது.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியம். யார் பாடினாலும் எழுதியவருக்கு உரிய பெயரும் பணமும் சப்மனுக்குப் போய்ச் சேர்கிறது. 2018இல் நிக்கி மினாஜ் என்ற ராப் பாடகி சப்மனுடைய 'பேபி கேன் ஐ ஹோல்ட் யூ' பாட்டை எடுத்துப் புதுப்பாட்டு ஒன்று செய்தார். அனுமதி கேட்டபோது சப்மன் மறுத்தார். ஆனாலும் பாட்டு எப்படியோ வானொலியில் போய்விட, வழக்குப் போட்டார். 2021 ஜனவரியில் மினாஜ் சப்மனுக்கு 450,000 டொலர் கொடுப்பதோடு அது முடிந்தது. மறுக்கிற உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தவர் அவர்.

எங்கள் பக்கம் பாருங்கள். 'சின்ன மாமியே' பாட்டைக் கலியாண வீட்டிலும் சுற்றுலா பஸ்ஸிலும் இன்றைக்கும் பாடுகிறோம். அதை எழுதிப் பாடியவர் எங்கள் நித்தி கனகரத்தினம். நாட்டார் பாட்டு என்று நினைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் உண்டு. பாட்டுக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. பாடலாசிரியருக்கு நாங்கள் செய்யும் அநியாயமும் அதுதான். நீங்களும் உங்கள் கடிதத்தில் ஐந்து பாட்டின் பார்வைக் கணக்கை எழுதியிருந்தீர்கள். எழுதியவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஆகவே உங்கள் பெடியளுக்கு ஒன்று சொல்லுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை எழுதிய கணமே உரிமை எழுதியவருக்கு. பதிவு செய்யத் தேவையில்லை. அவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் அது நிற்கும். ஆனால் தகராறு வந்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஸ்டூடியோவுக்குள் போகுமுன் ஒரு தாளில் வரி யாருடையது, மெட்டு யாருடையது, வருமானம் எப்படிப் பிரியும் என்று எழுதி, திகதி போட்டு, எல்லாரும் கையெழுத்து வைக்கட்டும். நண்பர்கள்தானே, பிறகு பார்க்கலாம் என்று விடவேண்டாம். காணொளிக்குக் கீழே பாடலாசிரியர் பெயரைப் பாடகர் பெயருக்குச் சமமாகப் போடட்டும். இந்த மாதத்துக்கு இரண்டாவது பாட்டு வராவிட்டாலும் பரவாயில்லை.